போன் சுத்தமான வீடு

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டுப் போனைக் கேட்டார்கள்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் ரத்தினஜோதிக்குச் சந்தேகம் வந்திருக்கும். சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்காமல் ‘சரி, எடுத்துக்கறோம்’ என்று தலையாட்டுகிறவன் ஒன்று ஏமாளியாக இருப்பான், இல்லையென்றால் தராசில் ஏதோ வேலை வைத்திருப்பான். கணவன் இறந்த பிறகும் விருதுநகர்ப் பருப்புக் கடைத்தெருவில் தனியாகக் கடை நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

மாப்பிள்ளையின் அம்மா தெய்வகனி சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர். கேட்ட விதமும் மரியாதையாகத்தான் இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்க மதினி. இப்ப எல்லா வீட்லயும் பாக்குறதுதான. இந்தா, எங்களோடதையும் வச்சுட்டோம்” என்று தன் போன், வீட்டுக்காரர் போன், மகன் முகில்ராஜின் போன் மூன்றையும் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

ஜோதி தன் போனையும் மகள் யாழிசையின் போனையும் எடுத்து வைத்தாள். அவளுடைய அண்ணன் வெயில்ராஜ், தாய்மாமன் என்ற முறையில் தன் போனை வேட்டியில் துடைத்து வைத்தார். ஆறு போனிலும் ‘உறவுச் சேதி’ என்ற பக்கத்தைத் திறந்தார்கள். ஆறிலும் வெள்ளைத் திரை.

“எல்லாம் சுத்தம்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, ஏலம் முடிந்தது போல. சிரித்தார்கள். கேசரி வந்தது. ஆனி முடியப் போகிறது, ஆடியில் நல்ல காரியம் இல்லை, ஆகவே ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

ஜோதியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் இடது கை, முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில், வலது மார்பின் ஓரத்துக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

உறவுச் சேதி என்பது சர்க்கார் அனுப்புவது. ஒருவர் உடம்பிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதையை மிஷின் வாசிக்கும்போது பரம்பரையாக வரக்கூடிய கோளாறு தென்பட்டால், அவருடைய ரத்த உறவுகள் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே சேதி போய்விடும். ‘உங்கள் ரத்த உறவில் ஒருவருக்கு மார்பகப் புற்று வரவழைக்கும் கோளாறு காணப்பட்டுள்ளது. நீங்களும் பரிசோதித்துக்கொள்ளவும்.’ யார் அந்த ஒருவர் என்று சொல்லாது. உறவைக் கண்டுபிடிக்க மட்டும் எல்லாருடைய ரத்தமும் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் யாருக்கு யார் உறவு என்று மிஷினுக்கே தெரியும். உயிரைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள். முதல் வருஷம் ஜனங்கள் பரிசோதனைக்கு ஓடினார்கள். இரண்டாம் வருஷம் கல்யாணத் தரகர்கள் விழித்துக்கொண்டார்கள். சேதி வராத போன் சுத்தமான போன். போன் சுத்தமாக இருந்தால் குடும்பம் சுத்தம். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. விலை படிந்த பிறகு சரக்கைப் பற்றி எவன் யோசிக்கிறான்?

கட்டியை அவள் குளிக்கும்போதுதான் கண்டுபிடித்திருந்தாள். முதலில் உளுந்து அளவு என்று பட்டது. மறுநாள் காராமணி. அதற்கடுத்த நாள் கொண்டைக்கடலைக்கு வந்துவிட்டது. கட்டி வளரவில்லை, பயம்தான் வளர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் விரல் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்கிறாள். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குச் சொன்ன விலையை மறந்துபோய் மாற்றிச் சொன்னாள். கடைத்தெருவில் அது சின்ன விஷயமில்லை.

தன்னை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஷாஜிதா ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

“இந்தக் கட்டி முக்காவாசி சாதுவாத்தான் தெரியுது. ஆனா இந்த ஓரம் மட்டும் எனக்குப் பிடிக்கல. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து வாசிச்சுப் பாத்துருவோம். மரத்துப்போக மருந்து போட்டுட்டுத்தான் எடுப்போம். அரிசி கனத்துல நாலஞ்சு துணுக்கு. ஒரு மணி நேரத்துல என்னன்னு சொல்லிரலாம்.”

“முழுசா வெட்டி எடுத்துட்டா?”

“எடுக்கலாம். ஆனா எதை எடுக்கறோம்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கறதுதான் முறை. சாதுக்கட்டின்னா எடுக்கவே வேண்டியதில்ல, அப்பப்ப பாத்துக்கிட்டா போதும். கெட்டதுன்னா எவ்வளவு வெட்டணும், அக்குள்ல பாக்கணுமா, மருந்து முன்னாடியா பின்னாடியா, எல்லாமே மாறும்.”

ஜோதி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அவள் பேரம் பேச உட்காரும் இடம் அதுதான்.

“டாக்டர், நான் மூட்டையில குத்தூசி போட்டுப் பாத்துதான் உளுந்து வாங்குறேன். குத்துற எடத்துல நல்ல மணியும் நடுவுல சொத்தையுமாக் கட்டி அனுப்புறவன் எத்தனை பேரு தெரியுமா? உங்க ஊசியும் நல்ல மணியாப் பாத்து எடுத்துக்கிட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா?”

டாக்டர் சிரித்தார். “நியாயமான கேள்விதான். ஆனா நாங்க கண்ண மூடிக்கிட்டுக் குத்தறதில்ல. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே, சந்தேகப்படற ஓரத்துலேயேதான் எடுப்போம். அப்பவும் படம் ஒண்ணு சொல்லி ஊசி வேற சொன்னா, முழுசா எடுத்துப் பாத்துரலாம்.”

“மூட்டையை அப்படியே வாங்கிட்டா குத்திப் பாக்குற வேலையே இல்லையே.”

“வாங்கிப் பிரிச்சுப் பாத்தா சரி. நீங்க சொல்றது அகற்று நிலையம்தானே? அங்க வெட்டினதைப் பிரிக்காமலேயே எரிச்சுருவாங்க. உள்ள என்ன இருந்துச்சு, மிச்சம் எங்கயாவது இருக்கான்னு அப்புறம் கடவுளுக்குக்கூடத் தெரியாது.”

அகற்று நிலையம் என்று டாக்டர்தான் மரியாதையாகச் சொன்னார். ஊரில் அதற்கு அறுப்புக்கடை என்று பெயர். பரிசோதனைக்காக எடுத்த சதையைத்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒருவர் தன் விருப்பத்தில் அகற்றிக்கொண்டதை, வாசிக்க வேண்டாம் என்று அவரும், ‘எனக்குத் தெரிய வேண்டாம்’ என்று பெற்றவரோ பிள்ளையோ கூடப்பிறந்தவரோ யாராவது ஒருவரும் விரல் ரேகை வைத்தால், எரித்துவிடலாம். மருவையும் மச்சத்தையும் மனதில் வைத்து எழுதிய வரி. அந்த ஓட்டையில் லாரி போகலாம் என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்து, லாரியையும் விட்டுவிட்டான்.

“சரி டாக்டர், இப்படிச் செய்வோம். கட்டியை மட்டும் வாசிங்க. பரம்பரைப் பக்கம் போக வேணாம்.”

“ரெண்டும் ஒரே வாசிப்புதாம்மா. மிஷின் பாதியில நிக்காது.”

“வாசிச்சுக்கங்க. சேதியை மட்டும் ஆவணி கழிச்சு அனுப்புங்க.”

“அனுப்பறது நான் இல்ல. அதுவாப் போயிரும்.”

“தூரத்து ஒறவுக்காவது போகாம நிறுத்துங்க. மகளுக்கு மட்டும்னா நான் பாத்துக்கறேன்.”

“ரத்தம் எங்கெல்லாம் போயிருக்கோ அங்கெல்லாம் போகும். உங்களுக்கே தெரியாதவங்களுக்கும் போகும்.”

“அப்ப எதையும் கொறைக்க மாட்டீங்க.”

“என் கையில தராசே இல்லையேம்மா.” டாக்டர் படத்தை அணைத்தார். “ஒண்ணு சொல்றேன். கட்டி சாதுவா இருந்து பரம்பரையிலயும் எதுவும் இல்லன்னா சேதியே போகாது. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.”

“பெரும்பாலும்னு சொல்லி எங்கிட்ட எவனும் சரக்கு வித்ததில்ல டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஊருக்குத் திரும்பி அவள் நுழைந்த அறுப்புக்கடையில் மீன் தொட்டி இருந்தது. குளிர்ச்சி இருந்தது. பன்னீர் மணம்கூட இருந்தது. டாக்டர் இருக்கிறாரா என்று மட்டும் தேட வேண்டியிருந்தது.

“ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாம்மா?” என்றாள் மேஜையில் இருந்த பெண், சினிமா டிக்கெட் கொடுக்கிற குரலில்.

“ஒரே ஒரு கட்டிதான்.”

“பரவால்லம்மா. நெறைய பேரு வந்ததோட ரெண்டையும் முடிச்சுக்கறாங்க. அப்புறம் அலைய வேண்டாம் பாருங்க. ரெண்டாவதுக்குப் பாதிதான் வாங்கறோம்.”

ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதிக்கு என்று ஜோதியும் எத்தனையோ சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

காத்திருந்த பெண்கள் எல்லாரும் முகத்தை மூடியிருந்தார்கள். பாதிப் பேரை அவளுக்குச் செருப்பையும் வளையலையும் வைத்தே தெரிந்தது. அவர்களுக்கும் அவளைத் தெரிந்திருக்கும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் காலேஜ் வயதுப் பெண் ஒருத்தி மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணுக்கா?” என்று ஜோதி அவளுடைய அம்மாவிடம் மெல்லக் கேட்டாள். “கட்டி பெருசா?”

“கட்டியெல்லாம் இல்லக்கா” என்றாள் அந்தம்மா, நல்ல வேளை என்கிற முகத்தோடு. “வரன் வர்றதுக்கு முன்னாடி எடுத்து விட்டுட்டா நமக்கும் நிம்மதி பாருங்க.”

அந்தப் பெண் திரும்பவே இல்லை. சிவப்பு மீன் ஒன்று கண்ணாடியில் முட்டுவதும் திரும்புவதுமாக இருந்தது.

ஜோதி எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கடைசியில் வியாழக்கிழமைக்குப் பதிந்துகொண்டாள். “ரேகை வைக்கிறவங்களையும் கூட்டிட்டு வந்துருங்கம்மா, இல்லன்னா போன்லயே வைக்கச் சொல்லிருங்க” என்று மேஜைப் பெண் நினைவூட்டினாள். மகளா, அண்ணனா? அதில் யோசிக்க என்ன இருக்கிறது. அண்ணன்தான்.

வெயில்ராஜின் கடையில் லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கணக்கர் ஒரு பக்கம், தரகர் ஒரு பக்கம், ரகசியம் பேச ஓர் அடி இடம் கிடையாது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்துப் போட்டார். ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து துண்டுக்கடியில் கையை விட்டாள்.

அப்பா காலத்து வழக்கம். எதிரே பத்துப் பேர் நிற்க, துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பது. ஊரில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டு விஷயத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையைச் சுரண்டினால் சம்மதம். புறங்கையைத் தட்டினால் நடக்காது. சொத்துப் பிரிக்கும்போதுகூட வக்கீல் முன்னால் இப்படிப் பேசித்தான் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, மார்ல ஒரு கட்டி” என்றாள் வாயசையாமல். “அறுப்புக்கடைல வியாழக்கெழமை. நீதான் ரேகை வைக்கணும்.”

துண்டுக்குள் அவர் விரல் உடனே அவள் உள்ளங்கையைச் சுரண்டியது. ‘ஐயையோ’ என்றோ ‘எந்தப் பக்கம்’ என்றோ ஒரு வார்த்தை இல்லை. முதல் விலைக்கே சம்மதிக்கிற அண்ணனை அவள் பார்த்ததே இல்லை.

“வெறும் வயித்துல போயிரணும். மயக்கம் தெளியறப்ப கொமட்டும், எலுமிச்சம்பழம் வச்சுக்க. மேல மாடில கொண்டு போடுவாக. சன்னலோரக் கட்டிலாக் கேட்டு வாங்கு. மத்ததுல ஏ.சி. தண்ணி மூஞ்சில சொட்டும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“யாரோ சொன்னாக.”

“ஏ.சி. தண்ணி சொட்டுறதையுமா யாரோ சொன்னாக?”

வெயில்ராஜ் லாரியைப் பார்த்தார். தரகரைப் பார்த்து, “எண்ணிக்கையைப் பாரும் ஓய்” என்று காரணமில்லாமல் ஒரு சத்தம் போட்டார். பிறகு துண்டோடு சேர்த்து அவள் கையை மேலே இழுத்து, முகம் துடைப்பதுபோல நெஞ்சில் அணைத்துக்கொண்டார். பனியனுக்கடியில் இடது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளமும் அதன் நடுவில் தடித்த வரப்பு மாதிரி ஒரு தழும்பும் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

“ஆம்பளைக்குமா?”

“ஆம்பளைக்கும் கொஞ்சம் இருக்குல்ல. அந்தக் கொஞ்சத்துல வந்து உக்காந்துக்கிருச்சு.”

“எப்ப?”

“நீ யாழிசைக்கு வரன் பாக்க ஆரம்பிச்சப்ப.”

ஜோதியின் வியாபார மூளை, நெஞ்சு பதறும்போதும் நிற்காத மூளை, ஒரு கேள்வியைப் பிடித்தது. “ரேகை யாரு வச்சா? மதினி வைக்க முடியாது. புள்ளயும் இல்ல, அப்பா அம்மாவும் இல்ல. கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான.”

“நீதான் வச்ச.”

“நானா?”

“லாரி வாடகை, சரக்குக் கிட்டங்கி வாடகைன்னு அன்னைக்கு ஒம் போனுக்கு அஞ்சாறு அனுப்புனேன், நீ ரேகை வச்சு ஒத்துக்கிடணும்னு. நடுவுல இதையும் விட்டேன். எப்பயும் போலப் பாக்காம வச்சுட்ட.”

எங்கண்ணன் அனுப்புனா நான் படிச்சுப் பாக்குறதில்ல என்று அவள் ஊரெல்லாம் பெருமையடித்ததுண்டு. கடைத்தெருவில் வேறு எந்த அண்ணன் தங்கைக்கு அந்தப் பெருமை உண்டு? மேலேயும் கீழேயும் நல்ல மணியைப் போட்டு நடுவில் சொத்தையைக் கட்டுகிற வித்தையை அண்ணன் அவளிடமே காட்டியிருக்கிறார். எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவளே ரேகை வைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்தச் சதையை வாசித்திருந்தால் என்னவாக இருந்திருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒன்றுமில்லாமலும் இருந்திருக்கலாம். அவளுக்கு அன்றைக்கே சேதி வந்திருக்கவும் கூடும்.

“என்ன காரியம் பண்ணியிருக்க?”

“ஒம் பொண்ணுக்காகத்தான். எம் போன் மட்டுமா கெடும்? ஒங்க ரெண்டு பேரு போனும்ல கெட்டுரும்.”

“இப்ப நல்லாருக்கல்ல?”

அவர் அவள் விரலைப் பிடித்து அக்குளுக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு கட்டிகள் கல் மாதிரி இருந்தன. நழுவவில்லை.

“சித்திரையிலருந்து இருக்கு” என்றார். “டாக்டர்ட்ட போனா ஊசி போடுவாக. ஊசி போட்டா ஒம் போன் அடிக்கும். நிச்சயம் முடியட்டும்னு இருக்கேன்.”

ஜோதி கையை உருவிக்கொண்டாள். அவர் அதைத் தேடித் துண்டுக்குள் துழாவினார். அவள் அவருடைய புறங்கையை ஓங்கித் தட்டினாள். நடக்காது.

வீட்டுக்கு நடந்தே போனாள். பாதி வழியில் நின்றாள், திரும்பிக் கடைக்குப் போகப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். யாழிசை காலேஜிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் கணக்குப் பாடம் எடுக்கிறாள். மகளிடம் சுற்றிவளைத்துப் பேசி ஜோதிக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் அங்கேயே நின்றபடி சொல்லி, வியாழக்கிழமை அறுப்புக்கடைக்கு இல்லை, அண்ணனோடு மதுரைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று முடித்தாள்.

யாழிசை ஈரக்காலோடு நின்றாள். “ஆடி ஒரு மாசம்தானம்மா. நிச்சயம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு பேரும் போங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நிச்சயம் முடிஞ்சா, கல்யாணம் முடியட்டும்னு தோணும். கல்யாணம் முடிஞ்சா, புள்ள பொறக்கட்டும்னு தோணும்.”

“நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல மாட்ட. நான் சொல்லுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா.”

“முகிலை எனக்குப் பிடிச்சிருக்கும்மா.”

“தெரியும்.”

“போன் அடிச்சா அவன் நிப்பான்னுதான் நெனைக்கிறேன். அவங்கம்மா நிப்பாங்களா தெரியாது. அவங்க நிக்கலன்னா இவன் எத்தனை நாளைக்கு நிப்பான்னும் தெரியாது.” அவள் குரல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலாகவே இருந்தது, கடைசியில் மட்டும் உடைந்தது. “ஒரு மாசம்மா. ஒரே ஒரு மாசம்.”

“மாமாவுக்குச் சித்திரையிலருந்து இருக்கு யாழி.”

யாழிசை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜோதி கூடத்தில் நடந்தாள். சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்தாள், எதற்கென்று தெரியாமல் அணைத்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

“வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை வேலை இருக்கு. லீவு போட முடியாது” என்றாள் யாழிசை, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். “நீங்களே மாமாவைக் கூட்டிட்டுப் போங்க.”

போ என்று சொல்லிவிட்டாள். போய் வா என்று சொல்லவில்லை. அதற்குமேல் கேட்பது நியாயமில்லை என்று ஜோதிக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை மதுரை போகிற வழியெல்லாம் வெயில்ராஜ் பேரம் பேசிக்கொண்டே வந்தார். “மொதல்ல நீ மட்டும் போட்டுக்க. ஒனக்கு ஒண்ணுமில்லன்னா எனக்கும் இருக்காது. ஒரே வயித்துல பொறந்ததுதான.” டாக்டர் ஷாஜிதாவிடமும் அதையே சொன்னார்.

“அப்படிக் கணக்கில்ல அண்ணாச்சி” என்றார் டாக்டர், அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. தொட்ட பிறகு அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “ஒரே பெட்டியிலருந்து ஆளுக்கொண்ணு எடுத்துருக்கீங்க. ஒருத்தருக்கு வந்தது மத்தவருக்கு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். சட்டையக் கழட்டுங்க.”

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறையில் ஊசி போட்டார்கள். ஜோதிக்கு மரத்துப்போன இடத்தில் யாரோ மாவைத் தட்டுவதுபோல இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து அறையிலிருந்து அண்ணன் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

“சாதுக்கட்டிதாம்மா. எடுக்க வேண்டாம். பரம்பரைக் கோளாறும் உங்ககிட்ட இல்ல. உங்ககிட்ட இல்லாததால மகளுக்கும் உங்க வழியா வராது. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்துப்போம், அவ்வளவுதான்.”

இதைத்தான் வெட்டி எரிக்க இருந்தாள். ‘ரெண்டாவதுக்குப் பாதிதான்’ என்ற குரல் காதில் கேட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மகிழ்ச்சியாக இருந்தது, அண்ணனை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு மகிழ்வது கூச்சமாகவும் இருந்தது.

“அண்ணனுக்கு?” என்று கேட்க வாயைத் திறந்தபோது அவள் பைக்குள் போன் அடித்தது. அதுவரை கேட்டிராத மணி. டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

‘உங்கள் ரத்த உறவில் ஒருவருக்கு’ என்று ஆரம்பித்திருந்தது. முழுதும் படிக்கவில்லை. யாழிசையின் போனும் இந்நேரம் பரீட்சைக் கூடத்தில் அடித்திருக்கும். ரத்தத்தில் ஒன்றுமில்லாத பெண்ணுக்குப் போன் மட்டும் கெட்டுப்போயிற்று.

“கெட்டதுதான்” என்றார் டாக்டர். “அக்குளுக்கு வந்துருக்கு. ஆனா மருந்து இருக்கும்மா. உடனே ஆரம்பிக்கணும். ஆவணி வரைக்கும் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

வெளியே பெஞ்சியில் வெயில்ராஜ் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. யாரால் சேதி போகிறதோ அவருக்கு அடிக்காது.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு. மருந்து இருக்காம் அண்ணே. ஒடனே ஆரம்பிக்கணுமாம்.”

“ஒனக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“அப்பாடா” என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவருக்குக் கண் கலங்கியது.

ஜோதி பக்கத்தில் உட்காருவதற்குள் போன் மறுபடி அடித்தது. இந்த முறை சாதாரண மணி. தெய்வகனி. ஜோதி எடுத்தாள். யாழிசை முகிலிடம் சொல்லியிருப்பாள், அவன் அம்மாவிடம் சொல்லியிருப்பான்.

“மதினி” என்றது மறுமுனை. அச்சகம் நடத்துகிறவரின் கணீர்க் குரலைக் காணவில்லை. “வேற யாரும் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நானே கூப்புடுறேன். இப்பத்தான், எம் போனுக்கு ஒரு சேதி வந்துச்சு. எந் தங்கச்சிக்கும் வந்துருக்காம். எங்க பக்கம் யாருக்கோ இருக்குபோல. யாருன்னு தெரியல. சத்தியமா எங்களுக்கு முன்னாடி தெரியாது மதினி. நாங்க மறைக்கல. சம்பந்தம் வேணாம்னு நீங்க சொன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

ஜோதிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. டாக்டர் சொன்ன ‘உங்களுக்கே தெரியாதவங்களுக்கும்’ இதுதான். தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டார ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். எந்த ரத்தம் எந்த வீட்டில் ஓடுகிறது என்று யார் கண்டது? ஒரே சேதி. அனுப்பியவர் இங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கிறவர் அங்கே இருக்கிறார்.

வெயில்ராஜ் காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவருடைய வியாபார முகம் சட்டென்று விழித்துக்கொண்டது. கையை ஆட்டி, உதட்டை அசைத்தார். பரவாயில்லன்னு சொல்லிரு. நாங்க பெருசா எடுத்துக்கலன்னு சொல்லிரு.

சொல்லிவிடலாம். பெருந்தன்மையாக ஒரே ஒரு வார்த்தை. சம்பந்தம் நிற்கும். காலத்துக்கும் சம்பந்தி வீட்டார் தலைகுனிந்தே இருப்பார்கள். தெய்வகனியும் அவர் தங்கையும், எங்கள் பக்கம் யார் யார் என்று தங்கள் வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஒருத்தி அறுப்புக்கடைக்குப் போவாள். இப்படி ஒரு பேரம் ஜோதியின் வாழ்க்கையில் வந்ததில்லை. எதிராளியே வந்து விலையைக் குறைத்துக்கொண்டு நிற்கிறார்.

“மதினி, லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன் மதினி.” ஜோதி எழுந்து நின்றாள். “அது உங்க பக்கம் இல்ல. எங்க பக்கம். எங்க அண்ணனுக்கு.”

வெயில்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுமுனையில் அச்சு மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. “வெயில்ராஜ் அண்ணாச்சிக்கா? ஆம்பளைக்கா? அப்ப எங்களுக்கு எப்படி...”

“எங்கம்மா பொறந்தது ஆமத்தூரு.”

“எங்கம்மாவைப் பெத்தவுகளும் ஆமத்தூருதான்” என்றார் தெய்வகனி மெதுவாக. சம்பந்தம் நிற்கிறதா, போகிறதா என்று ஜோதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தில் தெய்வகனிக்கே தெரிந்திருக்காது.

“அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா?” என்றார் கடைசியில். “ஒண்ணு கேக்கணும். எனக்கு... நானும் போய்ப் பாக்கணும்ல.”

ஜோதி போனை நீட்டினாள். வெயில்ராஜ் கையை நீட்டவில்லை. அவள் அவர் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தாள். சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போட்டிருக்கவில்லை அவர். போனைக் காதில் வைத்து, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் ஒருநாளும் முதல் தடவையே சரியான விலையைச் சொல்லியறியாத மனிதர்.

“வலிச்சுதும்மா” என்றார். “மருந்து போட்டும் எனக்கு வலிச்சுது. நான் கத்துனேன். ஆனா வெரசா முடிஞ்சுரும். வாங்க, நாங்க இங்கனதான் இருக்கோம்.”